பெதுஷ்கி போய்ச் சேராத ரயில் – ஒரு சோவியத் 'குடிமகனின்' கதை

தமிழில் 'குடிமகன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று குடிமையியல் பாடத்தில் வருவது. மற்றது டீக்கடை பெஞ்சில் கேலியாக வருவது. இந்த இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் கதாநாயகன் ஒருவன் உலக இலக்கியத்தில் இருக்கிறான். பெயர் வெனிச்கா. ஊர் மாஸ்கோ. தொழில் டெலிபோன் கேபிள் பதிப்பது. அந்த வேலையும் சமீபத்தில் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை 8.16 மணி மின்சார ரயிலில், கையில் சின்னப் பெட்டியோடு, பெதுஷ்கி என்ற சிற்றூருக்குக் கிளம்புகிறான். பெட்டிக்குள் இரண்டு பாட்டில் குபான்ஸ்கயா வோட்கா, இரண்டு குவார்ட்டர் ரஸீஸ்கயா வோட்கா, ஒரு பாட்டில் மலிவு ஒயின். காதலிக்கு மிட்டாய், மகனுக்குக் கொட்டைப் பருப்பு. மொத்தம் 125 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அவன் போய்ச் சேருவதே இல்லை.

இதுதான் வெனெதிக்த் எரோஃபேயெவ் 1969-70ல் எழுதிய 'மாஸ்கோ–பெதுஷ்கி' நாவலின் கதை. ரஷ்ய மொழியின் மிகச் சிறந்த நகைச்சுவை நூல்களில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் குடி. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. ஆனால் புத்தகத்தை மூடி வைக்கும்போது சிரிப்பு வராது.

1970, 80களில் தமிழ்நாட்டில் புத்தகம் படித்தவர்களுக்கு சோவியத் இலக்கியம் அந்நியமானதல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அச்சிட்ட தமிழ் நூல்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. கார்க்கி, செகாவ், ஐத்மாத்தவ் எல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் எரோஃபேயெவ் வர வழியே இல்லை. காரணம் எளிது. அவருடைய சொந்த நாட்டிலேயே 1988 வரை அந்த நாவல் அச்சேறவில்லை!

ஒரு குடிகாரனின் ரயில் பயணத்தைப் பார்த்து ஒரு வல்லரசு ஏன் பயப்பட வேண்டும்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அரசே நடத்திய கடை

ரஷ்யாவில் வோட்காவும் கஜானாவும் பிரிக்க முடியாத ஜோடி. ஜார் ஆட்சியில் நிதியமைச்சர் வித்தே 1890களில் வோட்கா விற்பனையை அரசின் ஏகபோகமாக மாற்றினார். அரசு வருமானத்தில் பெரும் பங்கு அதிலிருந்தே வந்ததால், எதிர்க்கட்சியினர் அதற்குக் 'குடிகார பட்ஜெட்' என்றே பெயர் வைத்தார்கள். 1914ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது இரண்டாம் நிக்கலாஸ் வோட்கா விற்பனையைத் தடை செய்தார். 1917ல் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகளும் தடையைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். புதிய சமுதாயத்தில் குடிக்கு இடமில்லை என்பது அவர்கள் கொள்கை.

கொள்கை 1925 வரை தாங்கியது. அந்த ஆண்டு 40 சதவீத வோட்கா அரசுக் கடைகளுக்குத் திரும்பி வந்தது. 1930 செப்டம்பரில் ஸ்டாலின் மொலதோவுக்கு எழுதிய கடிதம் ஒன்று பின்னாளில் வெளியானது. ராணுவத்தைப் பெருக்கப் பணம் வேண்டும், அதற்கு வோட்கா உற்பத்தியை முடிந்த அளவு கூட்ட வேண்டும், பொய்யான வெட்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1941ல் போர் முனையில் இருந்த வீரர்களுக்குத் தினம் 100 கிராம் வோட்கா ரேஷனாகவே கொடுக்கப்பட்டது.

ஒரு பக்கம் அரசு விற்றது. இன்னொரு பக்கம் அதே அரசு தண்டித்தது. தெருவில் விழுந்து கிடப்பவர்களைத் தூக்கிப்போய்ப் போதை தெளிய வைக்கும் நிலையங்களில் முதலாவது 1931ல் லெனின்கிராட்டில் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு ராத்திரி இருந்தால் வேலை செய்யும் இடத்துக்குத் தகவல் போகும், போனஸ் போகும். 1967ல் குடிநோயாளிகளைக் கட்டாயமாக அடைத்து வைத்து வேலை வாங்கும் 'சிகிச்சை–உழைப்பு' முகாம்களுக்கு ரஷ்யக் குடியரசில் ஆணை பிறந்தது.

1960களில் ஒரு பாட்டில் 'மஸ்கோவ்ஸ்கயா' வோட்காவின் விலை 2 ரூபிள் 87 கோபெக். மூன்று பேர் ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டால் ஒரு பாட்டில் வாங்கலாம், மீதி 13 கோபெக்கில் தொட்டுக்கொள்ள ஒரு சின்ன சீஸ் கட்டி வாங்கலாம். கடைவாசலில் முன்பின் தெரியாத மூன்று பேர் கண்ஜாடையிலேயே கூட்டுச் சேர்வது அந்தக் காலத்து வழக்கம். 'மூணு பேருக்கு' என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும்.

இவ்வளவு குடி இருந்தும், 1960களுக்குப் பிறகு சோவியத் புள்ளிவிவரத் தொகுப்புகளில் மது விற்பனைக்குத் தனிக் கணக்கு கிடையாது. மற்ற உணவுப் பொருள்களோடு சேர்த்துக் கலந்துவிட்டார்கள். 1970களின் நடுவில் சராசரி ஆயுள், சிசு மரண எண்ணிக்கை ஆகியவற்றை வெளியிடுவதும் நின்றது. அதாவது, எல்லோரும் குடித்தார்கள். எவ்வளவு என்பது மட்டும் ரகசியம். இதை நினைவில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போகலாம்.

எழுதியவர் யார்?

வெனெதிக்த் எரோஃபேயெவ் 1938 அக்டோபர் 24ல், வடதுருவ வட்டத்துக்கு அப்பால் கோலா தீபகற்பத்தில் பிறந்தவர். தந்தை ரயில்வே ஊழியர். 1945ல் அரசுக்கு எதிராகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் கைதாகிப் பல ஆண்டுகள் முகாமில் கழித்தார். குடும்பம் சிதறியது. எரோஃபேயெவ் சிறுவயதில் அனாதை இல்லத்தில் இருந்தார். ஆனாலும் பள்ளியில் தங்கப் பதக்கம் வாங்கி, 1955ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார்.

ஒன்றரை வருடத்தில் வெளியேற்றப்பட்டார். ராணுவப் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. பிறகு ஒரேஹவோ–சூயெவோ, விளாதிமிர் என்று அடுத்தடுத்த ஊர்களில் கல்லூரிகளில் சேர்ந்தார், அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு சுமை தூக்கினார், கொதிகலனுக்குக் கரி போட்டார், காலி பாட்டில் வாங்கும் கடையில் வேலை பார்த்தார். 1960களில் தொடங்கிச் சுமார் பத்து ஆண்டுகள் நாடு முழுக்க டெலிபோன் கேபிள் பதிக்கும் குழுக்களில் அலைந்தார். பைபிளையும் லத்தீனையும் மேற்கத்திய இசையையும் கரைத்துக் குடித்த ஒரு மனிதர், பள்ளம் தோண்டும் தொழிலாளியாக ஹாஸ்டல் அறைகளில் படுத்திருந்தார். நாவலின் நாயகனுக்குத் தன் பெயரையே செல்லமாகச் சுருக்கி 'வெனிச்கா' என்று வைத்தார்.

நாவலின் முன்னுரையே கிண்டலில்தான் தொடங்குகிறது. முதல் பதிப்பு சீக்கிரமே விற்றுத் தீர்ந்ததாம். ஏனென்றால் அது மொத்தமே ஒரு பிரதி! உண்மையும் அதுதான். கையெழுத்திலும் டைப்ரைட்டரிலும் நகல் எடுத்து நண்பர்கள் வழியாகக் கை மாறிய நூல் அது.

வரைபடம் வரைந்த மேஸ்திரி

வெனிச்காவுக்கு வேலை போன கதை நாவலில் மிகவும் பேசப்படும் பகுதி. அவன் நான்கு வாரம் கேபிள் குழுவுக்கு மேஸ்திரியாக இருந்தான். அவன் வருவதற்கு முன் குழுவின் வேலைமுறை இப்படி: ஒரு நாள் காலையில் பணம் வைத்துச் சீட்டாடுவார்கள், பிறகு கேபிளைப் பள்ளத்தில் புதைப்பார்கள், பிறகு குடித்துவிட்டுத் தூங்குவார்கள். மறுநாள் காலை முதலில் குடிப்பார்கள், பிறகு நேற்றுப் புதைத்த கேபிளைத் தோண்டி எடுத்து வீசுவார்கள். ஏனென்றால் அது நனைந்து வீணாகியிருக்கும்!

புது மேஸ்திரி இந்த முறையைச் 'சீர்திருத்தினான்'. நடுவில் எதற்கு கேபிள்? ஒரு நாள் சீட்டு, மறுநாள் வெர்முத், மூன்றாம் நாள் சீட்டு, நான்காம் நாள் வெர்முத். வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது!

அதோடு நிற்கவில்லை. படித்தவன் அல்லவா? ஒவ்வொரு தொழிலாளியும் எந்தத் தேதியில் எத்தனை கிராம் சுத்த சாராயம் உள்ளே அனுப்பினான் என்று தனித்தனியாக வரைபடம் போட்டான். கொம்சொமோல் இளைஞனின் கோடு ஒரு மாதிரி, 1936லிருந்து கட்சி உறுப்பினராக இருக்கும் பெரியவரின் கோடு இன்னொரு மாதிரி, தன்னுடைய கோடு வேறு மாதிரி. அந்த நேரத்தில் லெனின் நூற்றாண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. 1970 ஏப்ரல் 22க்காக நாடெங்கும் தொழிற்சாலைகள் 'சோஷலிச உறுதிமொழிகள்' எழுதி மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. வெனிச்காவின் குழுவும் அனுப்பியது. தவறுதலாக அந்த வரைபடங்களும் அதே உறைக்குள் போய்விட்டன. மேஸ்திரி பதவி முடிந்தது.

வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இது. ஆனால் சற்று நிதானித்தால் விஷயம் புரியும். அவன் குடித்ததற்காக வேலை போகவில்லை. குழுவில் குடிக்காதவர் யார்? அவன் கணக்கு எழுதியதற்காக வேலை போயிற்று. அரசு தன் புள்ளிவிவர நூலில் மறைத்து வைத்த எண்ணை ஒரு கேபிள் தொழிலாளி கோடு போட்டுக் காட்டிவிட்டான். கட்சி உறுப்பினரின் கோட்டையும் சேர்த்து! நாவல் முழுவதுமே அப்படி ஒரு வரைபடம்தான். தணிக்கையாளர்கள் அதைத் தாண்டி விடமாட்டார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

கிராம் கணக்கு

இந்தக் கணக்குப் புத்தி நாவலின் வேறு இடங்களிலும் வருகிறது. ரயிலில் செமியோனிச் என்று ஒரு டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவர்களிடம் அவர் அபராதம் வாங்குவதில்லை. கிலோமீட்டருக்கு ஒரு கிராம் வோட்கா வாங்குகிறார். பெட்டி பெட்டியாக நடந்து முடிப்பதற்குள் அவருக்கே நிற்க முடியாது. எல்லோரும் திருப்தி, ரயில்வேக்கு மட்டும் நஷ்டம்! வெனிச்கா அதுவும் தருவதில்லை. உலக வரலாற்றிலிருந்து காதல் கதைகள் சொல்லியே மூன்று வருடமாக ஓட்டுகிறான்.

இன்னொரு இடத்தில் சமையல் குறிப்பு மாதிரி மது வகைகள் செய்யும் குறிப்புகள் வருகின்றன. 'கானான் தைலம்', 'ஜெனிவாவின் ஆவி', 'கொம்சொமோல் பெண்ணின் கண்ணீர்' என்று கவித்துவமான பெயர்கள். உள்ளே போவதோ எரிசாராயம், பாலிஷ், வாசனைத் தண்ணீர், நகப்பூச்சு, ஷாம்பு, பிரேக் ஆயில், பூச்சி மருந்து. எல்லாம் கிராம் சுத்தமாக அளந்து கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு கலவையைக் குறிப்பிட்ட ஒரு செடியின் குச்சியால்தான் இருபது நிமிடம் கலக்க வேண்டுமாம்; வேறு குச்சி போதும் என்பவன் குற்றவாளியாம்! விஷத்துக்கு இவ்வளவு ஆசாரம்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதுதான் சோகம். கையில் காசில்லாத, கடை திறக்காத நேரங்களில் ஓடிகொலோனும் பசையும் பாலிஷும் குடித்தவர்கள் சோவியத் நகரங்களில் நிஜமாகவே இருந்தார்கள். போதை என்பது இங்கே ருசிக்கான விஷயமே இல்லை. எது கிடைத்தாலும் சரி, இங்கிருந்து வெளியே போனால் போதும் என்ற நிலை.

எதிலிருந்து தப்பிக்க?

சரி, வெனிச்கா எதிலிருந்து தப்பிக்கிறான்? நாவலில் இதற்குப் பலர் பல பதில் சொல்கிறார்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு மீசைக்காரர் ஒருவர் ஒரு பெரிய தத்துவமே வைத்திருக்கிறார். ரஷ்யாவின் நேர்மையான மனிதர்கள் எல்லாரும் குடித்தார்களாம். ஏன்? மக்களின் துயரத்தைப் போக்க முடியவில்லையே என்ற வருத்தத்தில். மக்கள் ஏன் குடித்தார்கள்? அறியாமையால். அறியாமை ஏன் போகவில்லை? படித்தவர்கள் குடித்துக்கொண்டிருந்ததால்! ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுற்றை அவர் அறிவியல் விதி போல விளக்குகிறார். கதே குடிக்கவே இல்லையே என்று யாரோ மடக்கும்போதும் பதில் தயார்: அவர் தனக்குப் பதிலாகத் தன் பாத்திரங்களைக் குடிக்க வைத்தாராம்.

வெனிச்காவிடம் வேறொரு ஆராய்ச்சி இருக்கிறது. குடித்தவனுக்கு வரும் விக்கல். அடுத்த விக்கல் எப்போது வரும் என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. வரலாறு விதிகளின்படி நடக்கிறது, அந்த விதிகள் கட்சிக்குத் தெரியும் என்று பாடம் நடத்திய நாட்டில், ஒரு விக்கலைக்கூடக் கணிக்க முடியாது என்று ஒருவன் நிரூபிக்கிறான்!

போதைக் கனவில் அவன் பெதுஷ்கி வட்டாரத்தில் ஒரு புரட்சியே நடத்திவிடுகிறான். முதல் வேலை நார்வே மீது போர்ப் பிரகடனம். அடுத்து, கடிகார முள்ளை முன்னாலோ பின்னாலோ எப்படியாவது நகர்த்த வேண்டும் என்று ஓர் ஆணை. உலகத் தலைவர்களுக்குக் கடிதங்கள் போகின்றன. யாரும் பதில் போடுவதில்லை. 1917 அக்டோபரைப் பள்ளிப் பாடத்தில் வருடா வருடம் படித்தவர்களுக்கு இந்தக் கேலியின் கனம் தெரியும்.

ஆக, அவன் தப்பிக்க நினைப்பது வறுமையிலிருந்து மட்டுமல்ல. உறுதிமொழி, ஆணை, விதி, நூற்றாண்டு விழா என்று காலையிலிருந்து இரவு வரை ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு மொழியிலிருந்து. அந்த மொழியையே குடித்துக் குழப்பி, தலைகீழாக்கித் திருப்பிப் பேசுகிறான். அதில்தான் சிரிப்பு பிறக்கிறது.

பெதுஷ்கி எங்கே?

தப்பிப்பவனுக்குப் போய்ச் சேர ஓரிடம் வேண்டும். வெனிச்காவுக்கு அது பெதுஷ்கி. அங்கே பறவைகளின் பாட்டு இரவும் பகலும் ஓயாது. மல்லிகை குளிர்காலத்திலும் பூத்திருக்கும். அங்கே அவன் காதலி காத்திருக்கிறாள். அதற்கும் அப்பால் ஒரு கிராமத்தில் மூன்று வயது மகன் இருக்கிறான். எழுத்துகளில் ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்த குழந்தை. உண்மையான பெதுஷ்கி விளாதிமிர் மாகாணத்தில் இருக்கும் ஒரு சாதாரண ரயில்வே ஊர்தான்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது கிரெம்ளின். எத்தனை முறை மாஸ்கோவின் குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும் அவன் கண்ணில் கிரெம்ளின் பட்டதே இல்லை. அதைத் தேடிப் போனால் எப்போதும் குர்ஸ்க் ரயில் நிலையத்தில்தான் வந்து நிற்கிறான். இந்த நகைச்சுவையோடுதான் நாவல் ஆரம்பிக்கிறது.

ரயில் நகர நகர பாட்டில்கள் காலியாகின்றன. அத்தியாயங்களுக்குத் தலைப்பே இரண்டு ஸ்டேஷன்களின் பெயர்தான். பாதிக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே இருட்டுகிறது. காலையில் கிளம்பிய ரயிலுக்கு எப்படி இருட்டு வந்தது? சக பயணிகள் மறைந்துவிட்டார்கள். முதலில் அவனோடு செல்லமாகப் பேசிய தேவதைகளும் போய்விட்டார்கள். கடைசியில் அவன் இறங்கும் இடம் பெதுஷ்கி அல்ல, மாஸ்கோ. நான்கு பேர் துரத்துகிறார்கள். ஓடும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக கிரெம்ளின் கண்ணில் படுகிறது. யாரோ ஒருவருடைய கட்டடத்தின் மாடிப்படியில் அவனைப் பிடித்துத் தொண்டையில் குத்தூசியை இறக்குகிறார்கள். மகனுக்குத் தெரிந்த அந்த ஒற்றை எழுத்து கண்முன் சிவப்பாக விரிய, எல்லாம் முடிகிறது. கொலையாளிகள் யார் என்று நாவல் சொல்வதில்லை.

குடி தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. ஆனால் அந்த வழிக்கு டிக்கெட் விற்றதும் அதே அரசுதான். கிரெம்ளினின் கடையில் வாங்கிய பாட்டிலோடு ஏறினால் ரயில் கிரெம்ளினுக்குத்தானே திரும்பும்?

மதுவிலக்குப் பத்திரிகையில் வந்த குடிகாரன்

நாவல் 1973ல் ஜெருசலேமில் வெளிவந்த 'அமி' என்ற ரஷ்ய இதழில் முதலில் அச்சானது. 1976ல் பிரெஞ்சிலும், 1977ல் பாரிஸில் ரஷ்ய மொழியில் புத்தகமாகவும், 1980ல் ஆங்கிலத்திலும் வந்தது. எழுதியவரோ மாஸ்கோவில் அடுத்த வேலை தேடிக்கொண்டிருந்தார்.

1985 மே மாதம் கோர்பச்சேவ் பெரிய அளவில் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். கடைகள் குறைக்கப்பட்டன. பகல் 2 மணிக்கு முன் விற்கக் கூடாது என்றார்கள். மால்டோவாவிலும் ஜார்ஜியாவிலும் திராட்சைத் தோட்டங்கள் வெட்டப்பட்டன. பொதுச் செயலாளரை மக்கள் 'மினரல் வாட்டர் செயலாளர்' என்று கிண்டலடித்தார்கள். பலன் இல்லாமல் இல்லை. ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 1984ல் சுமார் 62 ஆக இருந்தது, 1987ல் 65ஐ நெருங்கியது. ஆனால் கள்ளச்சாராயம் காய்ச்ச வாங்கியதில் கடைகளில் சர்க்கரை காணாமல் போனது. ஓடிகொலோனும் பசையும் மறுபடி கோப்பைக்கு வந்தன. வெனிச்காவின் குறிப்புகள் நிஜமாயின. கஜானாவில் பெரிய ஓட்டை விழுந்தது. 1988ல் இயக்கம் தளர்ந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1994ல் ஆண்களின் ஆயுள் 58க்கும் கீழே போனது.

அந்த 1988ன் டிசம்பரில்தான் நாவல் முதல்முறையாகச் சொந்த மண்ணில் அச்சானது. எந்தப் பத்திரிகையில் தெரியுமா? 'மதுவிலக்கும் பண்பாடும்' என்ற பெயர் கொண்ட மது எதிர்ப்பு இதழில்! 1989 வரை சில இதழ்களில், வெட்டித் திருத்திய வடிவில் தொடராக வந்தது. ரஷ்யர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் சம்பவம் இது. ஆனால் அந்த ஆசிரியர் குழு செய்தது முழுத் தவறும் அல்ல. குடியின் கொண்டாட்டம் மட்டும் தெரிந்தவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

எரோஃபேயெவுக்கு 1985ல் தொண்டையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. குடியும் புகையும் சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்கு என்பது மருத்துவம் சொல்வது. இரண்டுமே அவரிடம் இருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொண்டையில் ஒரு கருவியை வைத்துத்தான் பேச முடிந்தது. பின்னாளில் 'இடா' படத்தால் புகழ்பெற்ற பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி, அவரைப் பற்றி பிபிசிக்காக எடுத்த ஆவணப்படத்தில் அந்த உலோகக் குரலைக் கேட்கலாம். 1990 மே 11ல், 51 வயதில் இறந்தார். தன் புத்தகத்தைத் தன் நாட்டில் அச்சில் பார்க்க அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான்.

இப்போது மாஸ்கோவின் பர்பி சதுக்கத்தில் வெனிச்காவுக்கும் அவன் காதலிக்கும் சிலைகள் இருக்கின்றன. இரண்டும் தனித்தனி. அவன் பக்கம் சேராத ஊர், அவள் பக்கம் நீண்ட பின்னலும் காத்திருப்பும். கொஞ்ச தூரம்தான் இருவருக்கும் இடையில். அந்தத் தூரத்தையும் அவன் இன்னும் கடக்கவில்லை.